ஒருவகை வண்டு

பழந்தமிழ் நூல்களை உரையோடு வாசித்துப் பழகியோர் ஒரு சொல்லை நன்கு அறிவர். செய்யுளிலே பெயர் தெரியாத மரம் ஒன்று வந்தால் ‘ஒருவகை மரம்’ என்றும், புள் ஒன்று வந்தால் ‘ஒருவகைப் பறவை’ என்றும், வண்டு வந்தால் ‘ஒருவகை வண்டு’ என்றும் அரும்பதவுரையிலே குறித்திருக்கும். மாணாக்கன் அதனை மனனஞ் செய்வான், பரீட்சையிலே எழுதுவான், புள்ளியும் பெறுவான். அந்த மரத்தையும் பறவையையும் அவன் தன் வீட்டு வளவிலேயே நாள்தோறும் கண்டிருத்தல் கூடும். ஆயினும் அதுவே இது என்று அறியாமலே ஆசிரியனாகித் தன் மாணாக்கனுக்கும் ‘ஒருவகை’ என்றே சொல்லிக் கொடுப்பான். அவ்வாறு சொல்லிக் கொடுத்தவர்களுள் நானும் ஒருவன். அந்தப் பழக்கத்தை என்னிடமிருந்து நீக்கியது ஒரு கமரா என்றால் நண்பர்கள் நகைக்கின்றனர். நகைப்புக்கு இடமாயினும் அதனைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு.

2014ஆம் ஆண்டிலே ஒரு நாள், குறுந்தொகையின் இரண்டாம் பாட்டினைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். இறையனார் பெயரால் வழங்கும் அப்பாட்டு, திருவிளையாடற் கதையினாலே எழுத்தறியாதாரும் அறிந்த பாட்டு. தலைவன் ஒரு தும்பியை முன்னிலைப்படுத்தி, தலைவியின் கூந்தலினும் நறிய மலர் உண்டோ என்று வினவுகின்றான். தாதினைத் தேடித் திரிவதே தும்பியின் தொழில் என்பதும் அப்பாட்டாற் பெறப்படும். ‘தும்பி – ஒருவகை வண்டு’ என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வாங்கிலே இருந்த ஒரு மாணாக்கன் எழுந்தான்.

“ஐயா, எந்த வகை வண்டு? எங்கடை ஊரிலை தும்பியெண்டு சொல்லுறது பூவிலை தேன் குடிக்கிறேல்லை. அது நுளம்பைப் பிடிச்சல்லோ தின்னுறது.”

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சினம் மூண்டது. விடை தெரியாதவிடத்து ஆசிரியனுக்கு வருகின்ற சினம் அது. “பரீட்சைக்கு இவ்வளவும் போதும், இரும்” என்றேன். அவன் இருந்தான். அந்த ஆண்டு முடியுமளவும் அவன் வேறொரு வினாவும் என்னிடம் வினவவில்லை. அதனை அக்காலத்தில் நான் அடக்கம் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

மூன்றாண்டு கழிந்தது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் பெறாமகன், தான் புதிது வாங்கியமையால் வேண்டாததாய்ப் போன கமராவொன்றையும், பொருள்களை மிகக் கிட்ட நின்று படம் பிடிப்பதற்குரிய வில்லையொன்றையும் என் மேசையிலே வைத்துவிட்டுப் போனான். “சித்தப்பா, உங்கடை ஏடுகளைப் படமெடுத்து வைக்க உதவும்” என்றான். அவ்வாறே பாட்டனார் காலத்து ஏட்டுச் சுவடி ஒன்றைப் படம் பிடிக்கத் தொடங்கினேன். மூன்றாம் ஏட்டிலே ஓர் இராமபாணப் பூச்சி ஊர்ந்து வந்தது. அதனை நசுக்க விரலை நீட்டியவன், என்ன நினைத்தோ கமராவின் விசையை அழுத்தினேன். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தபொழுது வியப்புற்றேன். உடல் முழுவதும் வெள்ளித் தகடு வேய்ந்தாற்போன்ற செதில்கள்; முன்னே நீண்ட இரண்டு உணர்கொம்புகள்; பின்னே மூன்று வால்மயிர்கள். ஐம்பது ஆண்டு காலம் என் வீட்டு நூல்களைத் தின்ற பகைவனின் முகத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். மறுநாட் காலை கமராவோடு வளவுக்குள் இறங்கினேன்.

வலிகாமத்துச் செம்மண்ணிலே கிணற்றை அண்டிய சிறு வளவு எங்களுடையது. முருங்கை, தேசி, கறிவேப்பிலை, செவ்வரத்தை, இரண்டு பாத்தி கத்தரி, வேலியோரத்திலே கொடித்தோடைப் பந்தர், இவையே அதன் செல்வம். கத்தரிப் பாத்தியிலே முழந்தாளிட்டுக் குனிந்திருந்த என்னைக் கிணற்றடியில் நின்று பார்த்த என் மனைவி, “இஞ்சருங்கோ, மூக்குக் கண்ணாடியை விழுத்திப் போட்டியளே?” என்று கேட்டாள். ஒருவகையில் அது மெய்யே. நாற்பது ஆண்டாய் விழுத்திவிட்ட கண்ணைத்தான் அங்கே தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு மாதங்களிலே எடுத்த படங்களுள் ஒன்றேனும் தேறவில்லை. காரணத்தைப் பின்னரே உணர்ந்தேன். அவ்வில்லை பூச்சியின் உருவத்தை அதன் மெய்யளவிலேயே கமராவினுள் விழச் செய்கின்றது. அவ்வளவு கிட்டச் செல்லும்பொழுது தெளிவாய் விழும் பகுதியின் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் மாத்திரமே. கண் தெளிந்தால் சிறகு மங்கும். சிறகு தெளிந்தால் கண் மங்கும். நான் மூச்சு விடும் அசைவிலேயே அந்த மில்லிமீற்றர் கடந்துபோகும். வில்லையின் துவாரத்தைச் சுருக்கினால் ஆழம் சிறிது கூடும். ஆனால் உட்புகும் ஒளி குறையும். குறைந்த ஒளியை ஈடுசெய்ய மின்னொளியைப் பாய்ச்சினால், வண்டின் பளபளத்த முதுகு வெறும் வெண்டிட்டாகிவிடும். அதற்கு வெள்ளைத்தாள் ஒன்றை விளக்கின் முன்னே கட்டி ஒளியை மென்மையாக்க வேண்டும். இவற்றையெல்லாம் தொலைபேசியிலே பெறாமகனிடம் பாடங் கேட்டேன். “கண்ணைப் பாத்து எடுங்கோ சித்தப்பா. கண் தெளிவெண்டால் படம் உயிரோடை இருக்கும்” என்பது அவன் உபதேசம்.

மற்றைய பாடங்களைப் பூச்சிகளே கற்பித்தன. அவற்றின் உடற்சூடு சூழலின் சூட்டைச் சார்ந்தது. ஆதலின் விடியற்காலைக் குளிரிலே அவை அசைவு குறைந்திருக்கும். அதுவே படம் பிடிப்பதற்கு உகந்த வேளை. நம் நிழல் அவற்றின்மேல் விழலாகாது. விரைந்து அணுகலாகாது; ஓர் அடி வைத்து, நின்று, மீண்டும் ஓர் அடி வைத்தல் வேண்டும். கமராவும் விலையுயர்ந்த வில்லையும் இல்லாதவர் மனம் தளர வேண்டியதில்லை. பழைய கமராவின் ஐம்பது மில்லிமீற்றர் வில்லை ஒன்றை முன்பின்னாகத் திருப்பி, அதற்குரிய வளையத்தினாற் பொருத்தினால் அதுவும் ஏறத்தாழ மெய்யளவுப் படத்தைத் தரும். கைத்தொலைபேசியின் முன்னே கவ்வி வைக்கும் சிறு வில்லைகளும் தொடக்கத்துக்குப் போதும். பொறுமைதான் கடையில் விற்பனைக்கில்லாத பொருள்.

பொறுமையின் பயனாகக் கண்டவை பல. தேசி இலையிலே காக்கை எச்சமென்று நான் எண்ணியிருந்தது ஒரு புழு. உண்ண வரும் பறவையை ஏய்க்க அது பூண்ட வேடம் அது. சிறிது தீண்டியபோது தலைக்குப் பின்னிருந்து செந்நிறமான இரட்டைக் கொம்பை நீட்டி நாற்றம் வீசிற்று. நாள்தோறும் அதனைப் படம் பிடித்தேன். பச்சைப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, முடிவிலே கரிய சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை கொண்ட வண்ணத்துப்பூச்சியாய்ப் பறந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளிலெல்லாம் அவற்றைப் பிடுங்கிக் காலால் நசுக்கியவன் நான்.

மாவிலைகளைப் பிணைத்துக் கூடு கட்டிய முசுறு ஒன்றின் முகத்தையும் பிடித்தேன். தொல்காப்பியர் மரபியலிலே எறும்பினை மூவறிவுயிராக வகுத்தார். அஃதாவது தொடுதலும் சுவைத்தலும் மோத்தலும் உண்டு, காண்டல் இல்லை என்பது. என் படத்திலோ முசுறின் தலையின் இருபுறத்தும் கரிய கண்கள் தெளிவாய் விளங்கின. ஆசிரியர் வெறுங்கண்ணால் நோக்கி வகுத்தார். நோக்கியே வகுத்தார் என்பதுதான் இங்கே முதன்மை. அவர் நூலைக் கற்பித்த நானோ, எறும்பை நோக்கியதேயில்லை.

அடுத்துத் தும்பியைத் தேடினேன். எங்கள் பக்கத்திலே தும்பி என்று வழங்குவது, நீண்ட உடலும் கண்ணாடி போன்ற நான்கு சிறகும் உடையது. தமிழ்நாட்டார் தட்டான் என்பர். கிணற்றடி ஈர்க்கொன்றின் நுனியிலே ஒன்று இருந்தது. பறந்துபோனாலும் அதே நுனிக்கு மீண்டும் மீண்டும் வந்தது. ஆதலின் படம் பிடித்தல் எளிதாயிற்று. முகத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். தலை முழுவதும் கண். வாயிலே தேன் உறிஞ்சும் குழலில்லை, பற்கள் அமைந்த தாடைகளே இருந்தன. முட்கள் நிறைந்த ஆறு காலையும் கூடைபோல் மடித்துப் பறப்பிலேயே இரையைப் பற்றுகின்றது. நீரிலே வாழும் அதன் குஞ்சும் நுளம்புக் குடம்பிகளைத் தின்பது. மலரிலே அதற்கு ஒரு வேலையுமில்லை. அந்த மாணாக்கன் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

அங்ஙனமாயின் புலவர் கண்ட தும்பி எது? விடை கத்தரிப் பாத்தியிலே தொடங்கிற்று. ஒரு காலை, பெரிய கருவண்டு ஒன்று கத்தரிப்பூவிலே தொங்கிற்று. ஊதாவும் நீலமும் மின்னும் சிறகுகள். பூவின் நடுவிலுள்ள மஞ்சள் மகரந்தப் பைகளை அணைத்துக்கொண்டு உரத்து முரன்றது. படத்தைப் பார்த்தால் சிறகுகள் மடிந்து ஓய்ந்திருந்தன! சிறகு அசையாமல் ஒலி எங்ஙனம் எழுந்தது? நூல்களைத் தேடி வாசித்தபோது விளக்கம் கிடைத்தது. கத்தரிப்பூவிலே தேன் இல்லை. தாது மாத்திரமே உண்டு. அத்தாதும் பையின் நுனியிலுள்ள சிறு துளையாலன்றி வெளிவராது. வண்டு சிறகை ஓய்வித்து, பறத்தற்குரிய தசைகளை மாத்திரம் அதிரச் செய்கின்றது. அந்த அதிர்விலே உப்புப் போத்தலிலிருந்து உப்புச் சொரிவது போலத் தாது சொரிகின்றது. வீட்டுத் தேனீயால் இது கூடாது. வண்டின் பாட்டு என்று நாம் வருணித்து வந்தது அதன் தொழிலின் ஓசை. அன்றுமுதல் பூக்காலத்திலே கத்தரிக்கு மருந்தடிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஆயினும் முரலும் வண்டுகள் பல. இதுவே தும்பி என்று துணிதல் எங்ஙனம்? சில கிழமை சென்றபின், கொடித்தோடைப் பந்தரின் மூங்கிற்கால் ஒன்றின் கீழே வெளிர்மஞ்சள் மரத்தூள் சிறு குவியலாய்க் கிடக்கக் கண்டேன். நிமிர்ந்து பார்த்தால், மூங்கிலிலே கம்மாளன் துளையிட்டாற்போல் வட்டமான ஒரு துளை. என் சுட்டுவிரல் நுழையுமளவு. கமராவை அதன் நேரே வைத்துக் காத்திருந்தேன். அரைமணி நேரத்தின் பின் துளையின் வாயிலே ஒரு கரிய முகம் தோன்றிற்று. அதே கருவண்டு! பெண்வண்டு தன் தாடையால் மூங்கிலைத் துளைத்து, உள்ளே தாதும் தேனும் சேர்த்து வைத்து முட்டையிடுகின்றது.

நான் அங்கேயே நிலத்தில் அமர்ந்துவிட்டேன். அகநானூற்றிலே, தும்பி துளைத்த மூங்கிலின் துளையிலே கோடைக்காற்றுப் புகுந்து ஆயர் குழல்போல் இசைக்கும் என்று ஒரு செய்தி உண்டு. அச்செய்யுளை எத்தனையோ முறை பாடஞ் சொன்னவன் நான். அங்கும் ‘தும்பி – ஒருவகை வண்டு’ என்றே எழுதுவித்தேன். மூங்கிலைத் துளைக்கும் வண்டு எதுவென்று ஒருநாளும் நான் வினவவில்லை. தும்பி என்னும் பெயரைப் புலவர் எல்லாரும் எல்லாவிடத்தும் இவ்வொன்றற்கே வழங்கினர் என்று நான் வாதிக்க வரவில்லை. நிகண்டுகள் வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி என்பவற்றை ஒரு பெயர்த்தொகுதியாகவே தருகின்றன. தும்பி யானையையும் குறிக்கும். ஆயினும் மூங்கிலைத் துளைத்த அந்தத் தும்பியைப் பாடிய புலவர் கண்டது இக்கருவண்டின் இனத்தையே என்பதில் எனக்கு ஐயமில்லை.

பிரான்சு நாட்டிலே ஜீன் ஹென்றி ஃபேபர் (1823–1915) என்று ஒருவர் இருந்தார். அவரும் எம்மைப் போன்ற பள்ளிக்கூட ஆசிரியரே. பிற்காலத்திலே கல்லும் முள்ளும் நிறைந்த ஒரு வளவை வாங்கி, அதன் குளவிகளையும் வண்டுகளையும் நோக்குவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். உலகம் போற்றும் நூல்கள் அவ்வளவிலிருந்தே பிறந்தன. அவர் மைந்தர் பூச்சிகளைப் படம் பிடித்து உதவினார். நமக்கு அத்துணை பெரும் புகழ் வேண்டியதில்லை. நாம் கற்பிக்கும் சொல்லுக்கு உரிய பொருளைக் கண்ணாற் காட்டினாற் போதும். எட்டுத்தொகையைக் கையிலே கொடுத்துவிட்டு மாணாக்கனை நான்கு சுவருக்குள் வைத்திருத்தல், சமையற் குறிப்பை வாசித்துக் காட்டிப் பசி தீர்க்க முயல்வதை ஒக்கும்.

இப்பொழுது மூங்கிற் றுளையிலிருந்து நோக்கும் அந்தக் கரிய முகத்தின் படம் எங்கள் வகுப்பறைச் சுவரிலே தொங்குகின்றது. மாணாக்கர் கமராவோ கைத்தொலைபேசியோ கொண்டு தத்தம் வளவிலே கண்டவற்றைப் பிடித்து வருகின்றனர். அரும்பதவுரையிலே ‘ஒருவகை’ என்று வரும் இடங்களைச் சிவப்பு மையாற் கோடிடச் சொல்லியிருக்கின்றேன். அவை நாம் தேட வேண்டிய இடங்கள்.

ஆனால் அந்த வினாவை வினவியவன் அவ்வகுப்பில் இல்லை. பரீட்சை எழுதிச் சென்றவன் பின்னர் எங்கள் பக்கம் வரவில்லை. வன்னியிலே எங்கோ தொழில் பார்க்கின்றான் என்று அவனோடு படித்தவர்கள் சொல்கின்றனர். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை அவன் கைக்கும் எட்டக்கூடும் என்ற நம்பிக்கையினாலேயே இதனை இங்கே எழுதினேன்.

தம்பி, உமது வினா நல்ல வினா. நீர் சொன்ன தும்பி தேன் குடிப்பதில்லை. பாட்டிலுள்ள தும்பி, மூங்கிலைத் துளைக்கும் கருவண்டு. அன்று உம்மை இருக்கச் சொன்னது என் பிழை.