நுண்ணலை அடுப்பில் சமைத்தல்

நுண்ணலை அடுப்பு என்பது மின்காந்த அலைகளைக் கொண்டு உணவைச் சூடாக்கும் மின்கருவி ஆகும். பேச்சுவழக்கில் மைக்ரோவேவ், ஓவன் என்று வழங்கப்படுகிறது. போரூர், ஐயப்பன்தாங்கல், பூவிருந்தவல்லி எனச் சென்னையின் மேற்குப் புறநகரில் பெருகியுள்ள அடுக்குமாடி வீடுகளில் இக்கருவி இன்று சாதாரணமாகக் காணப்படுகிறது. முதல்நாள் சோற்றையும் குழம்பையும் சூடாக்குவதே இதன் முக்கிய வேலையாக இருக்கிறது. எவர்சில்வர் பாத்திரங்களால் நிறைந்த தமிழ்ச் சமையலறையில் தலைமுறைகளாகப் பழகிய கைப்பழக்கம் பலவும் இந்த அடுப்புக்குப் பொருந்துவதில்லை. இதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை அதனால் வருபவையே.

வரலாறு

1940இல் பிர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டால், ஹாரி பூட் இருவரும் ராடாருக்காக ஆற்றல்மிக்க மாக்னட்ரான் குழலை உருவாக்கினர். அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பணியாற்றிய பெர்சி ஸ்பென்சர், மாக்னட்ரான் அருகே நின்றபோது தம் சட்டைப்பையிலிருந்த இனிப்புக்கட்டி உருகியதைக் கவனித்தார். 1945இல் இதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. 1947இல் வெளிவந்த முதல் அடுப்பு ஆளுயரத்துக்கு இருந்தது. மேசைமேல் வைக்கும் வீட்டு அடுப்பு 1967இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

இயங்கும் முறை

வீட்டு அடுப்புகளில் பயன்படும் அலையின் அதிர்வெண் 2450 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். நீர் மூலக்கூறின் ஒரு முனை நேர்மின் தன்மையும் மறுமுனை எதிர்மின் தன்மையும் உடையது. நொடிக்கு 245 கோடி முறை மாறும் மின்புலத்தைப் பின்பற்ற முயன்று மூலக்கூறுகள் திரும்பித் திரும்பி ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த அசைவே வெப்பமாகிறது. உணவின் உள்ளிருந்து வெளியே வேகிறது என்று பரவலாகச் சொல்லப்படுவது தவறு. அலைகள் மேற்பரப்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்வரைதான் வலுவாகச் செல்லும். அதற்கு உள்ளே இருக்கும் பகுதிக்கு வெப்பம் வழக்கம்போல் மெல்லக் கடந்துதான் போகவேண்டும்.

நீர் உள்ளவரை உணவின் வெப்பம் 100 டிகிரி செல்சியசைத் தாண்டுவது அரிது. எனவே தோசை முறுகாது, வறுவல் சிவக்காது. பனிக்கட்டி நுண்ணலையை மிகக் குறைவாகவே உறிஞ்சும். உறைந்த மீனை முழுத் திறனில் வைத்தால் முதலில் உருகிய ஓரம் வெந்துபோக, நடுப்பகுதி கல்லாகவே இருப்பது இதனால்தான்.

பெட்டிக்குள் அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி ஒன்றன்மேல் ஒன்று படிவதால் சில இடங்களில் சூடு மிகுதியாகவும் சில இடங்களில் குறைவாகவும் இருக்கும். இதை ஓர் அப்பளத்தைக் கொண்டே காணலாம். சுழல்தட்டையும் அதைச் சுற்றும் வளையத்தையும் எடுத்துவிட்டு, ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் பெரிய அப்பளம் ஒன்றை வைத்து அரை நிமிடம் ஓட்டினால், முழு அப்பளமும் பொரியாமல் திட்டுத்திட்டாகப் பொரியும். அடுத்தடுத்த திட்டுகளின் நடுவே உள்ள தூரம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர், அதாவது அரை அலைநீளம். அதை இரட்டித்து, அடுப்பின் பின்புறம் குறித்துள்ள அதிர்வெண்ணால் பெருக்கினால் ஒளியின் வேகத்துக்கு அருகில் ஒரு விடை கிடைக்கும். பள்ளி மாணவர்கள் பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்து பார்க்கத் தக்க சோதனை இது. சுழல்தட்டு ஏன் சுழல்கிறது என்பதும் அப்போதே விளங்கிவிடும்.

பாத்திரங்கள்

எவர்சில்வர் டம்ளர், டபரா, டிபன் பாக்ஸ் எதுவும் உள்ளே போகக்கூடாது. உலோகம் அலைகளைத் திருப்பிவிடுவதால் உள்ளிருக்கும் உணவு சரியாகச் சூடாகாது. விளிம்பிலும் கூரிய முனையிலும் தீப்பொறி பறக்கும். உணவகத்திலிருந்து வரும் பொட்டலத்தில் மறைந்திருக்கும் உலோகமும் கவனத்துக்குரியது: பிரியாணி வந்த அலுமினியப் பெட்டி, உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய உறை, காகிதத்தில் குத்திய ஸ்டேப்ளர் பின். பொன்விளிம்பு போட்ட பீங்கான் கோப்பையும் இந்த வரிசையில் சேர்ந்ததே. செய்தித்தாளில் சுற்றிய வடையை அப்படியே வைத்தால் தாள் தீப்பற்றலாம். அச்சுமை உணவில் ஒட்டுவது வேறு.

வெப்பம் தாங்கும் கண்ணாடி, உலோக வேலைப்பாடில்லாத பீங்கான் ஆகியவை நல்லவை. மெலமைன் தட்டு பீங்கான்போல் தோன்றினாலும் தானே சூடேறிவிடும். பிளாஸ்டிக்கில், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண்ணும் நுண்ணலைக்கு ஏற்றது என்ற குறியும் உள்ளவற்றை மட்டும் கொள்ளலாம். ஆனால் எண்ணெய் மிதக்கும் குழம்பின் வெப்பம் நீரின் கொதிநிலையையும் தாண்டக்கூடும் என்பதால், அதைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிவிடுவதே மேல். சாம்பார் வந்த மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவை எக்காரணம் கொண்டும் உள்ளே வைக்கக்கூடாது.

ஒரு பாத்திரம் ஏற்றதா என்று ஐயம் எழுந்தால், அதை வெறுமையாக வைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கோப்பை நீரும் வைத்து ஒரு நிமிடம் ஓட்டவேண்டும். நீர் சூடாகிப் பாத்திரம் குளிர்ந்திருந்தால் ஏற்றது. இச்சோதனை உலோகப் பாத்திரத்துக்கு அன்று.

சமைக்கும் முறை

கருவியில் குறிக்கப்படும் 800 வாட் என்பது உணவுக்குச் செல்லும் ஆற்றல். 200 மில்லி லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு உயர்த்த 50,400 ஜூல் தேவை. கணக்குப்படி 63 நொடி, நடைமுறையில் ஒன்றரை நிமிடம் வரை ஆகும். இரண்டு கோப்பை வைத்தால் நேரமும் ஏறத்தாழ இரட்டிக்கும். விறகடுப்புக்கும் கேஸ் அடுப்புக்கும் பழகியவர்கள் மறந்துவிடும் கணக்கு இது. உணவு கூடினால் நிமிடமும் கூடவேண்டும்.

சோற்றைக் குவித்து வைக்காமல் நடுவில் குழி விட்டு ஓரமாகப் பரப்பி, இரண்டு கரண்டி நீர் தெளித்து, காற்றுப்போக இடம் விட்டு மூடி வைக்கவேண்டும். பாதி நேரத்தில் எடுத்துக் கிளறி மீண்டும் வைக்கவேண்டும். முடிந்தபின் இரண்டு நிமிடம் அப்படியே விடுவதும் சமையலின் ஒரு பகுதியே. ஓரத்துச் சூடு நடுவுக்குப் பரவுவது அப்போதுதான். இட்லிக்கு நீர் தெளித்து ஈரத்துணியால் மூடினால் வறளாது. சாம்பாரைத் தனியாகச் சூடாக்கிக்கொள்வது நல்லது.

உருளைக்கிழங்கையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் முள்கரண்டியால் பல இடங்களில் குத்திவிட்டு வைக்கவேண்டும். நடுத்தரமான ஒன்றுக்கு நான்கைந்து நிமிடம் போதும். நறுக்கிய வெண்டைக்காயை மூடாமல் சில நிமிடம் வைத்தால் வழவழப்பு குறையும். வேர்க்கடலை, ரவை ஆகியவற்றை நிமிடத்துக்கு ஒருமுறை கிளறி வறுக்கலாம். துவரம்பருப்பு வேகவைக்கக் குக்கர் இருக்க இதை நாடுவதில் பயனில்லை. தாளிப்பதும் எண்ணெயில் பொரிப்பதும் இதில் கூடாது; எண்ணெயின் வெப்பத்தைக் கட்டுப்படுத்த வழியில்லை. காய்ந்த மிளகாயை வறுத்தால் எழும் நெடி கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும்.

விபத்துகள்

வழுவழுப்பான கோப்பையில் வெறும் நீரைச் சூடாக்கும்போது கொதிநிலை தாண்டியும் குமிழி எழாமல் இருக்கலாம். காப்பித்தூளோ சர்க்கரையோ போட்ட கணத்தில் அது பொங்கிச் சீறிக் கையைப் பொசுக்கும். மரக்குச்சி ஒன்றை உள்ளே போட்டுச் சூடாக்குவதும், முடிந்தபின் ஒரு நிமிடம் விட்டு எடுப்பதும் இதைத் தவிர்க்கும். முட்டையை ஓட்டோடு வைத்தால் வெடிக்கும்; ஏற்கெனவே அவித்த முட்டையை மீண்டும் சூடாக்கினால் வாயில் வைக்கும்போதுகூட வெடிக்கலாம்.

குழந்தைக்கான பாலை இதில் சூடாக்கக் கூடாது. புட்டி வெளியே இளஞ்சூடாக இருக்க, உள்ளே ஓரிடத்தில் பால் கொதித்துக்கொண்டிருக்கும். வெந்நீர் உள்ள பாத்திரத்தில் புட்டியை நிறுத்திவைக்கும் பழைய முறையே பாதுகாப்பானது.

சோற்றில் வேறொரு சிக்கல் உண்டு. பாசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வெந்தபின்னும் உயிரோடிருக்கும். சென்னையின் வெக்கையில் மேடைமேல் விடப்பட்ட சோற்றில் அவை பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சை வெளியிடும். அந்த நச்சு மறுபடி சூடாக்குவதால் அழியாது. ஆகவே காலையில் வடித்து மாலைவரை வெளியே இருந்த சோற்றை நுண்ணலை அடுப்பால் மீட்க முடியாது. மிஞ்சிய சோற்றை ஓரிரு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரத்தில் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். உண்ணுமுன் நடுப்பகுதியிலும் ஆவி பறக்கச் சூடாக்கவேண்டும்.

கதிர்வீச்சும் மின்சாரமும்

நுண்ணலை அணுக்கதிர் அன்று. அது மூலக்கூறுகளை அசைத்துச் சூடாக்குமேயன்றி அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கும் ஆற்றல் உடையதன்று; உணவில் கதிரியக்கம் எதுவும் தங்காது. கதவுக் கண்ணாடியின் பின்னுள்ள உலோக வலையின் துளைகள் 12 சென்டிமீட்டர் அலையைத் தடுக்கும், ஒளியை விடும். கதவு திறந்தால் மாக்னட்ரான் நின்றுவிடும். கதவு வளைந்தாலோ கீல் தளர்ந்தாலோ பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும். உள்ளே ஒன்றுமில்லாமல் ஓட்டுவதும் மாக்னட்ரானைக் கெடுக்கும்.

800 வாட் அடுப்பு மின்னிணைப்பிலிருந்து ஏறத்தாழ 1200 வாட் எடுக்கும். ஐந்து நிமிடத்துக்கு 0.1 யூனிட். செலவு சிறிதென்றாலும் மின்னோட்டம் பெரிது. நில இணைப்புள்ள 15 ஆம்பியர் சாக்கெட்டே வேண்டும்; எக்ஸ்டென்ஷன் கம்பியிலும் சிறிய வீட்டு இன்வெர்ட்டரிலும் இணைக்கக்கூடாது.

பழுதானால் வெளிமூடியைக் கழற்றிப் பார்க்கும் ஆசை மிக ஆபத்தானது. உள்ளிருக்கும் மின்தேக்கி பல ஆயிரம் வோல்ட் இயக்கத்துக்கானது. பிளக்கைப் பிடுங்கியபின்னும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அதைத் தொட்டு உயிரிழந்தோர் உண்டு. மிக்சியைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் என்பதற்காக ஒருவரிடம் இதைத் திறக்கக் கொடுக்கக்கூடாது. இவ்வகைக் கருவியில் பயிற்சி பெற்றவரே திறக்கவேண்டும்.