உஷார்! கண் மேலே இருக்கு… கால் எங்கே இருக்கு?

டிசம்பரில் ஆம்ஸ்டர்டாம் போகிறீர்களா? கால்வாய்களின் மேல் மின்னும் ஒளிக்கலையைப் பார்க்க மாலைப் படகுக்கு டிக்கெட் போட்டாயிற்றா? ஆம்ஸ்டெல்வீனிலோ ஐந்தோவனிலோ வேலை பார்க்கும் பிள்ளையோடு குளிர்கால விடுமுறையைக் கழிக்க விமானம் ஏறப்போகும் அப்பா அம்மாவா நீங்கள்? பெட்டி கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். அந்த ஒன்றேகால் மணி நேரப் பயணத்தில் உங்கள் கண்ணை இழுக்கிற அத்தனையும் தலைக்கு மேலே இருக்கிறது. உங்களைக் கவிழ்க்கக் கூடிய அத்தனையும் காலுக்குக் கீழே, இருட்டில் இருக்கிறது.

பயமுறுத்தி உங்களை வீட்டிலேயே உட்காரவைப்பது நோக்கமில்லை. பார்க்க வேண்டிய காட்சிதான் அது. 2012-ல் தொடங்கிய ஆம்ஸ்டர்டாம் ஒளி விழா, குளிர்காலம் தோறும் ஜனவரி பாதி வரை நடக்கிறது. பல நாட்டுக் கலைஞர்கள் பாலத்தின் அடியிலும், கரை மரங்களிலும், தண்ணீருக்கு மேலேயும் ஒளியால் படைப்புகளைச் செய்து வைக்கிறார்கள். முதல் வருடமே ஜேனட் எக்கல்மன் என்ற அமெரிக்கக் கலைஞர் ஆம்ஸ்டெல் ஆற்றின் மேல் பிரமாண்ட வலை ஒன்றைத் தொங்கவிட்டு, அதன்மேல் நிறம் நிறமாக ஒளியைப் பாய்ச்சினார். 2017-ல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய், கால்வாய்க் கரைகளை ஒட்டியே கிலோமீட்டர் கணக்கில் ஒரு சிவப்பு ஒளிக்கோடு இழுத்தார். நாடுகளின் எல்லைகளையும் அகதிகளையும் நினைவூட்டிய கோடு அது.

அந்த வருடம் கரையின் விளிம்பே பல இடங்களில் ஒளிர்ந்தது. பொதுவாக விளிம்பு இருட்டில்தான் கிடக்கிறது. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வெளிச்சம் பார்த்த கண்ணுக்கு விளிம்பு தெரியாது

டிசம்பரில் அந்த ஊரில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். மறுபடி உதிக்கக் காலை எட்டே முக்கால் ஆகும். பளிச்சென்ற ஒளிச்சிற்பம் ஒன்றை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்புகிறீர்கள். படம் ஓட ஆரம்பித்த பிறகு தியேட்டருக்குள் நுழைந்தவர் சீட்டைத் தடவித் தேடுவாரே, அதே நிலைமைதான். நம் கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். விழா நாள்களிலோ சில நிமிடத்துக்கு ஒரு ஒளிச்சிற்பம் வந்துகொண்டே இருக்கிறது. நடுவில் செல்போன் திரையின் வெளிச்சம் வேறு. ஆக, மாலை முழுக்க உங்கள் கண் இருட்டுக்குப் பழகப்போவதே இல்லை.

இந்த அரைக்குருட்டுக் கண்ணோடு நீங்கள் நிற்கும் இடம் எப்படிப்பட்டது? ஹேரன்கிராக்ட், கெய்சர்ஸ்கிராக்ட், பிரின்ஸன்கிராக்ட் என்று 17-ஆம் நூற்றாண்டில் வெட்டிய கால்வாய்கள். 2010-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அழகு. ஆனால் அந்தக் கரைகளில் நம் ஊர்ப் பாலங்களில் இருப்பது போல இடுப்புயரக் கைப்பிடிச் சுவர் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பல இடங்களில் எந்தத் தடுப்புமே கிடையாது. சில இடங்களில் முழங்காலுக்கும் எட்டாத ஒரு இரும்புக் கம்பி உண்டு. அதுவும் நிறுத்தியிருக்கும் கார் தண்ணீருக்குள் உருண்டுவிடாமல் இருக்க வைத்தது. மனிதர்கள் பின்பக்கமாக நகர்ந்து வந்தால், அந்தக் கம்பியே காலை வாரிவிடும்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போ, முழுசா வரலை…" போட்டோ எடுக்கிறவர் சொல்லும் இந்த ஒரு வாக்கியத்தை அந்த ஊர்க் கரையில் தடை செய்துவிடுங்கள். இடம் போதவில்லை என்றால், எடுக்கிறவரே பார்த்து நகரட்டும். முதுகைத் தண்ணீருக்குக் காட்டி யாரும் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது.

இன்னொன்று: வேலி போட்டு அடைத்திருக்கும் கரைப்பகுதிக்குள் "ஆளில்லை, நல்ல ஆங்கிள்" என்று நுழையாதீர்கள். மரத்தூண்களின் மேல் எழுப்பிய பழைய கரைச்சுவர்கள் பல அங்கே பலவீனமாக இருக்கின்றன. 2020 செப்டம்பரில் கிரிம்பர்க்வால் என்ற இடத்தில் கரைச்சுவரின் ஒரு பகுதி அப்படியே சரிந்து கால்வாயில் விழுந்தது. வேலி அலங்காரத்துக்கு இல்லை.

தண்ணீர்ப் பக்கம்தான் இப்படி என்றால், மறுபக்கம் சைக்கிள். சிவப்பு நிறத்தில் தார் போட்ட பாதை சைக்கிளுக்கானது. பகலில் பளிச்சென்று தெரியும் அந்தச் சிவப்பு, இரவில் மங்கிப்போகும். சிற்பத்தை அண்ணாந்து பார்த்தபடி அதில் நின்றீர்களானால், வேகமாக வரும் சைக்கிள் உங்களைச் சாய்த்துவிட்டுப் போகும்.

விழுந்தால் என்ன, எனக்கு நீச்சல் தெரியுமே?

இந்த நம்பிக்கைதான் மிகவும் ஆபத்தானது. கிணற்றிலும் வாய்க்காலிலும் குதித்து வளர்ந்தவர்கள்கூட அறியாத தண்ணீர் அது. குளிர்காலத்தில் கால்வாய் நீரின் வெப்பநிலை பெரும்பாலும் ஒற்றை இலக்கம். 15 டிகிரிக்குக் கீழே போனாலே உடம்பு அதிர்ச்சிக்கு உள்ளாகும். நீர் தோலைத் தொட்ட நொடியில், நாம் விரும்பாமலே வாய் திறந்து ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்று கிடையாது. அடுத்து மூச்சு தாறுமாறாக வாங்கும், ரத்த அழுத்தம் எகிறும், இதயம் திணறும். ஏற்கெனவே பி.பி., இதய நோய் இருப்பவருக்கு ஆபத்து இரட்டிப்பு.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் உறைகுளிர் நீரைப் பற்றி 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். அதாவது குளிரில் விறைத்துச் சாவதற்கு வெகு முன்னாலேயே, மூச்சுத் திணறியும் கை செயலிழந்தும் மூழ்கிவிடுகிறார்கள்.

நெதர்லாந்துக் குழந்தைகள் நீச்சல் சான்றிதழ் வாங்க, முழு உடையும் காலணியும் அணிந்தபடி நீந்திக் காட்ட வேண்டும். ஊரெல்லாம் தண்ணீர், என்றாவது உடுப்போடு விழுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். கோட்டு, ஸ்வெட்டர், பூட்ஸோடு நாம் என்றைக்காவது நீந்திப் பார்த்திருக்கிறோமா?

தண்ணீரில் விழுந்துவிட்டால்…

கை காலை உதறி நீந்தப் பார்க்காதீர்கள். பிரிட்டனின் ஆர்.என்.எல்.ஐ. உயிர்மீட்புப் படகு அமைப்பு வருடக்கணக்காகச் சொல்லிவருவது ஒன்றுதான்: முதலில் மிதங்கள். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, காது இரண்டும் தண்ணீரில் இருக்க, முகம் வானத்தைப் பார்க்கட்டும். கைகளை லேசாக அசைத்தால் போதும். மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு கத்துங்கள், கரையில் இரும்பு ஏணி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கோட்டைக் கழற்ற முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். உடுப்புக்குள் அடைபட்ட காற்று ஆரம்பத்தில் மிதக்கவே உதவும். நனைந்த உடுப்பு கனப்பது மேலே ஏறும்போதுதான்.

கரையில் இருப்பவர் செய்யக் கூடாதது: பின்னாலேயே குதிப்பது. ஓர் உயிர் இரண்டாகிவிடும். உடனே 112-ஐ அழையுங்கள்; ஐரோப்பா முழுக்க அந்த எண்தான். மிதவை வளையம், கயிறு, நீளமான சால்வை என்று கிடைத்ததை வீசுங்கள். தூக்கிவிட்ட பிறகு ஈர உடையைக் கழற்றி, காற்றுப் படாத இடத்தில் படுக்கவைத்துப் போர்த்துங்கள். கை காலைச் சூடுபறக்கத் தேய்க்காதீர்கள். "ஒரு பெக் கொடுத்தா சூடாயிடும்" என்று யாராவது சொன்னால், அவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மது உடம்புச் சூட்டை இன்னும் வேகமாக வெளியேற்றிவிடும்.

படகுக்குள்ளேயும் உஷார்

ஏறும் இடம்தான் முதல் கண்டம். படகுத்துறைப் படிகள் ஈரமாக, சில நாள் உறைபனியோடு இருக்கும். துறைக்கும் படகுக்கும் நடுவே ஓர் இருட்டு இடைவெளி, அதுவும் ஆடிக்கொண்டே இருக்கும். ஊழியர் கை நீட்டும்போது கூச்சப்படாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கை காலியாக இருக்க வேண்டும் என்றால் செல்போன் பைக்குள் போக வேண்டும். சாக்ஸின் மேல் செருப்பு மாட்டி வரும் நம் பழக்கத்தை அன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். பிடிமானமுள்ள ஷூ கட்டாயம்.

படகுகளில் இரண்டு வகை. கண்ணாடிக் கூரை போட்டவை உள்ளே கதகதப்பாக இருக்கும். ஆனால் ஆள் நிறைய ஏறியதும் கண்ணாடி ஆவி படிந்து மங்கிவிடும். காசு கொடுத்தும் ஒன்றும் தெரியவில்லையே என்று ஆட்கள் எழுந்து, படகின் பின்புறத் திறந்த தட்டுக்குப் போவார்கள். சூட்டிலிருந்து நேராகக் குளிருக்கு, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு, வழுக்கும் தரைக்கு. கையோடு ஒரு துணி எடுத்துப்போய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டால் இந்த வம்பே இல்லை.

திறந்த படகில் காட்சி துல்லியம். ஆனால் அங்கே எழுந்து நிற்பதே ஆபத்து. ரெகூலியர்ஸ்கிராக்ட் கால்வாயின் முனையில் ஏழு பாலங்கள் வரிசையாக, வளைவு வளைவாக விளக்கோடு தெரியும். அதைப் படம் பிடிக்க எல்லோருக்கும் எழுந்திருக்கத் தோன்றும். நீங்கள் பார்ப்பது தூரத்துப் பாலத்தை. தலைக்கு வரப்போவது பக்கத்துப் பாலம். தாழ்ந்த கல் வளைவு அது. படகு மெதுவாகத்தான் போகிறது, ஆனால் அதன் எடை டன் கணக்கில். குழந்தைகள் விளிம்பில் கை வைத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். பாலச்சுவருக்கும் படகுக்கும் நடுவே சிக்கிய விரல் நசுங்கிப்போகும். செல்போன் தண்ணீரில் விழுந்தால் விழட்டும். எட்டிப் பிடிக்கப் பாயாதீர்கள்.

வலிப்பு நோய் உள்ளவர்கள் கூட வருகிறார்களா? சில படைப்புகளில் விளக்குகள் வேகமாக மின்னி அணையும். டிக்கெட் வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

புடாபெஸ்ட் மறக்கக் கூடாத பாடம்

"இத்தனை பேர் தினமும் போகிறார்கள், ஒன்றும் ஆகாது" என்பவர்களுக்கு ஒரு தேதி: 2019 மே 29. ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட். விளக்கொளியில் ஜொலிக்கும் நாடாளுமன்றக் கட்டடத்தை டான்யூப் நதியிலிருந்து பார்க்க, ஹாப்லியான் என்ற சிறு படகில் தென்கொரியர்கள் 33 பேர் போனார்கள், படகு ஊழியர்கள் இருவர். கொட்டும் மழை, பெருகி ஓடும் ஆறு. மார்கரெட் பாலத்தின் அருகே வைக்கிங் சிகின் என்ற பெரிய பயணக் கப்பல் பின்னாலிருந்து வந்து மோதியது. சில நொடிகளில் சிறு படகு மூழ்கியது. 35 பேரில் உயிரோடு மீண்டவர்கள் 7 பேர். யாரும் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. பெரிய கப்பலின் கேப்டனுக்கு 2023-ல் சிறைத் தண்டனை கிடைத்தது.

ஆம்ஸ்டர்டாமின் குறுகலான, நகர்வதே தெரியாத கால்வாய்களும் டான்யூபின் வெள்ளமும் ஒன்றில்லை. ஆனால் ஆம்ஸ்டர்டாமிலும் சுற்றுலாப் படகில் ஏறியதும் லைஃப் ஜாக்கெட்டை யாரும் கையில் கொடுக்கமாட்டார்கள். புடாபெஸ்ட், லண்டன், பாரிஸ் என்று எந்த ஊரில் இரவுப் படகு ஏறினாலும், காற்றும் மழையும் மிரட்டும் நாளில் டிக்கெட் காசு போனால் போகிறது என்று திரும்பிவிடும் துணிச்சல் வேண்டும்.

டிக்கெட்டிலும் கண் வையுங்கள்

கிறிஸ்துமஸ் வாரத்தில் கூட்டம் நெருக்கும். தெரியாத நபர் செல்போனில் காட்டும் "பாதி விலை" டிக்கெட், அனுமதி இல்லாத குட்டிப் படகின் "ஸ்பெஷல் ரவுண்டு" எதுவும் வேண்டாம். பயணிகளை ஏற்றும் படகுக்கு நகராட்சி அனுமதி தேவை. அது இல்லாதவர் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்கமாட்டார். சாதாரணக் கால்வாய்ச் சவாரியையே ஒளி விழா என்று சொல்லி விற்றுவிடலாம். எந்த வழி, எத்தனை மணி, திறந்த படகா மூடிய படகா என்று மூன்றையும் கேளுங்கள். சாயங்காலம் நான்கு மணிக்குப் புறப்படும் படகு என்றால், விளக்கே எரிந்திருக்காது.

படகில் ஏறி உட்கார்ந்ததும், முதல் போட்டோவுக்கு முன்னால் இரண்டு கேள்வி: அவசரத்துக்கு வெளியேறும் வழி எது? லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது? கேட்டால் பக்கத்து சீட்காரர் சிரிப்பார் என்று தயங்காதீர்கள். பதில் சொல்லத் தெரியாமல் ஊழியர் விழித்தால், கயிறு அவிழ்ப்பதற்குள் குடும்பத்தோடு இறங்கிவிடுங்கள். அடுத்த படகு வரும்.