குடும்ப வன்முறை: பாதிக்கப்பட்டவர்களைக் கேட்டு உதவியைச் சீரமைத்தல்

இங்கிலாந்தில் குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வருவோருக்குப் பாதுகாப்பான தங்குமிடத்தில் ஆதரவு கிடைக்கச் செய்வது உள்ளாட்சி கவுன்சில்களின் சட்டப்படியான கடமை. 2021-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இதை விதித்தது. அதற்கு முன், 1971-இல் மேற்கு லண்டனின் சிசிக் பகுதியில் திறக்கப்பட்ட பாதுகாப்பு இல்லம் முதல் அரை நூற்றாண்டாக இந்தச் சுமையைப் பெரிதும் தாங்கியவை தொண்டு அமைப்புகள்தான்.

இச்சட்டப்படி, இந்தக் கடமை உள்ள ஒவ்வொரு கவுன்சிலும் தன் பகுதியின் தேவையைக் கணக்கிட்டு, அதற்கான செயல்திட்டத்தை வெளியிட வேண்டும். முதல் திட்டங்களுக்கு 2022 ஜனவரி 5 கெடுவாக இருந்தது. ஆலோசனை சொல்ல உள்ளூர்க் குழு ஒன்றும் உண்டு. காவல்துறை, மருத்துவத் துறை, தொண்டு அமைப்புகள் ஆகியவற்றோடு, பாதிக்கப்பட்டவர்களுக்காகவும் அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும் பேசுவோர் அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும். குடும்ப வன்முறை என்பது அடி உதை மட்டுமல்ல. மிரட்டுவது, ஆட்டிப்படைப்பது, பணத்தைப் பிடுங்கிக்கொள்வது, மனத்தை நோகடிப்பது எல்லாமே இச்சட்டத்தின் பார்வையில் வன்முறைதான். அதைப் பார்த்தும் கேட்டும் வளரும் குழந்தைகளும் பாதிக்கப்பட்டவர்களாகவே கருதப்படுகிறார்கள்.

அலுவலகக் கோப்புகளை வைத்து மட்டும் தேவையைக் கணக்கிட முடியாது. 2023 மார்ச்சுடன் முடிந்த ஓராண்டில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் சுமார் 21 லட்சம் பேர் குடும்ப வன்முறைக்கு உள்ளானதாக அரசின் குற்றக் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. அவர்களில் ஏறத்தாழ 14 லட்சம் பேர் பெண்கள். போலீஸுக்கும் உதவி மையத்துக்கும் போகாதவர்கள் இவர்களில் ஏராளம். உதவி கேட்டு வந்தவர்களிடம் சேவையின் குறைகளைக் கேட்கலாம். வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதை அறிய ஊர் மக்களிடமும்தான் கேட்க வேண்டும்.

உதவி பெற்றவர்கள் சொல்லும் குறைகளில் முக்கியமானது, நடந்ததை ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருப்பது. போலீஸிடம், வீட்டுவசதி அலுவலகத்தில், டாக்டரிடம், பள்ளியில், நீதிமன்றத்தில் என்று அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது ஆறாத புண்ணைக் கிளறுவதாகிறது. பாதுகாப்பு இல்லத்தின் வாடகை பெரும்பாலும் அரசின் வீட்டு உதவித்தொகையிலிருந்து கட்டப்படுவதால், வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்தத் தொகை குறைந்து, வாடகை கட்டுப்படியாகாமல் போகிறது. வளர்ந்த மகனோடு வரும் தாய்க்குச் சில இல்லங்களில் இடம் கிடைப்பதில்லை. வீட்டை விட்டுத் தான் ஏன் போக வேண்டும், கொடுமை செய்தவர்தானே வெளியேற வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. இவர்களுக்காகப் பூட்டை மாற்றி, கதவைப் பலப்படுத்தி, வீட்டையே பாதுகாப்பாக்கித் தரும் திட்டங்கள் இருக்கின்றன.

இந்தக் கருத்துக் கேட்பைச் சாலை, பூங்கா விவகாரம்போல நடத்திவிட முடியாது. வீட்டு முகவரிக்கு ஒரு வினாத்தாள் போனாலே ஆபத்து. எந்த நேரத்தில் போன் செய்யலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். இணைய வினாத்தாளின் ஓரத்தில் ‘உடனே வெளியேறு’ என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வானிலைப் பக்கம்போல ஏதாவது ஒன்று திரையில் வந்துவிடும். பார்த்த பக்கங்களின் பதிவு கருவியில் அழியாமல் இருக்கும் என்பதால், அதையும் அங்கேயே எச்சரித்துச் சொல்ல வேண்டும். நேரடிக் கூட்டம் என்றால் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம் பொருந்தும். பயணச் செலவும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் தேவை. கவுன்சில் ஊழியர் வந்து கேட்டால் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களோ என்று சில தாய்மார்கள் அஞ்சுவார்கள். அதனால் நம்பிக்கையான தொண்டு அமைப்பின் வழியே கேட்பது பலன் தரும்.

மொழியும் ஒரு தடை. கணவரோ பிள்ளைகளோ மொழிபெயர்த்தால் உண்மை வெளிவராது. லண்டன் தமிழர்களைப் போன்ற நெருக்கமான சமூகங்களில், மொழிபெயர்ப்பாளர் கணவர் வீட்டாருக்குத் தெரிந்தவராகவும் இருந்துவிடலாம். வெளியூர் மொழிபெயர்ப்பாளரைப் பெயர் சொல்லாமல் போனில் பேசவைப்பது இதற்கு ஒரு வழி. கணவரின் விசாவில் வந்த பெண்ணுக்கு, புகார் கொடுத்தால் நாடு கடத்திவிடுவார்கள் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

கருத்துக் கேட்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. உயிருக்குப் பயந்து ஓடுபவர்கள் பலர் ஊர் மாறித்தான் தங்குகிறார்கள். ஓர் ஊரின் இல்லத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் வேறு ஊர்க்காரர்கள். அந்த ஊரின் சேவையில் குறை கண்டவர்களோ வேறெங்கோ இருக்கிறார்கள். உள்ளூரில் மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும்.

பொதுமக்களிடம் கேட்கும் கேள்விகள் வேறு. பக்கத்து வீட்டில் சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள்? யாரிடம் சொல்வீர்கள்? மருந்துக் கடையில் ‘ஆனி இருக்கிறாரா’ என்று கேட்டாலே உதவிக்கு ஏற்பாடு செய்யும் திட்டம் 2021 ஜனவரியில் இங்கிலாந்தின் பல கடைகளில் தொடங்கப்பட்டது. செல்போனில் 999-ஐ அழைத்துப் பேச முடியாதவர், கேட்கும்போது 55-ஐ அழுத்தினால் அழைப்பு போலீஸுக்குப் போகும். இப்படிப்பட்ட வசதிகள் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது மக்களைக் கேட்டால்தான் விளங்கும்.

கொலையில் முடிந்த வழக்குகளிலிருந்தும் பாடம் கற்கிறார்கள். 2011 முதல் இத்தகைய மரணம் ஒவ்வொன்றையும் உள்ளூர் அமைப்புகள் கூடி ஆராய்கின்றன. எந்த இடத்தில் உதவி தவறியது என்பதை அறிய, இறந்தவரின் குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் கேட்கிறார்கள்.

கேட்டுவிட்டு எதையும் செய்யாமல் இருப்பது கேட்காததைவிடக் கெடுதல். அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சொன்னவற்றில் எது ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்பதைக் கருத்துச் சொன்னவர்களுக்கே திரும்பத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் செலவிட்ட நேரத்துக்கு ஊதியம் தருவதும் முறையானது. கவுன்சில்கள் ஆண்டுதோறும் அரசுக்கு அறிக்கை தர வேண்டும்; செயல்திட்டத்தை மூன்றாண்டுகளுக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். கருத்துக் கேட்பில் வந்த குறைகள் தீர்ந்தனவா என்று பார்ப்பதற்கும் அதுவே தருணம்.