பழைய ஆட்டோமேட்டிக் பைக்கின் எண்ணெய் அமைப்பை மாற்றப் போகிறீர்களா?

நிறுத்தி வைத்த பைக்கின் அடியில் ஒரு சொட்டு எண்ணெய் கிடந்தால் துணியால் துடைத்துவிட்டுப் போவதுதான் பலருக்கும் வழக்கம். ஆனால் அந்தச் சொட்டு சிவப்பாக இருந்து, வண்டியும் 1970களின் ஆட்டோமேட்டிக்காக இருந்தால் அப்படிப் போய்விடக் கூடாது. அந்த வண்டியில் எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பதே அந்தச் சிவப்புத் திரவம்தான்.

இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி நிறுவனம் 1975-ல் கொண்டுவந்த வி1000 ஐ-கன்வெர்ட் இந்த வகையின் பெயர்பெற்ற வண்டி. பிரிட்டனில் பழைய வண்டிப் பிரியர்களிடம் இன்றும் இது ஓடிக்கொண்டிருக்கிறது. ஹோஸ்களுக்கும் சீல்களுக்கும் வயதாகிவிட்டதால், புது ஹோஸ், பெரிய கூலர், வேறு வகை எண்ணெய் என்று திரவ அமைப்பில் கைவைப்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: செய்யும் மாற்றம் எதுவானாலும் பழைய நிலைக்குத் திருப்பக்கூடியதாக இருக்கட்டும், எழுத்தில் இருக்கட்டும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிந்ததாக இருக்கட்டும்.

திரவத்தின் வேலை

ஒரு மின்விசிறியை ஓடவிட்டு எதிரே இன்னொன்றை வைத்தால், காற்று பட்டு இரண்டாவதும் சுழலும். கன்வெர்ட் வண்டியின் டார்க் கன்வெர்ட்டரில் காற்றின் இடத்தில் இருப்பது ஏ.டி.எஃப். என்ற ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் திரவம். பக்க மூடிக்குள் அதற்கெனத் தனித் தொட்டி இருக்கிறது. கேம்ஷாஃப்ட் ஓட்டும் பம்ப் ஒன்று அதைச் சுற்ற வைக்கிறது. எஞ்சினுக்கு முன்னால் உள்ள கூலர் அதன் சூட்டைத் தணிக்கிறது. கன்வெர்ட்டருக்கும் இரண்டு வேக கியர்பாக்ஸுக்கும் நடுவே உலர்ந்த கிளட்ச் ஒன்றும் உண்டு.

எல்லா ஆட்டோமேட்டிக் பைக்கும் இப்படி அல்ல. ஹோண்டா 1976 முதல் 1978 வரை விற்ற சிபி750ஏ, பின்னர் வந்த சிபி400ஏ ஆகியவற்றில் எஞ்சின் ஆயில்தான் கன்வெர்ட்டருக்கும் போகிறது. ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் எஞ்சினே பாழாகும். உங்கள் மாடலுக்கான தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்க்காமல் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

எந்த மாற்றத்தில் என்ன ஆபத்து?

ஹோஸ்: பழைய ரப்பர் ஹோஸை மாற்றுவது தேவையான வேலைதான். ரப்பரும் உலோக முனையும் சேரும் இடத்தில் விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். மேலே பளபளப்பாகத் தெரியும் ஹோஸிலும் அந்த இடத்தில் மயிரிழை வெடிப்புகள் வாய் திறக்கும். புதிதாகப் போடும் ஹோஸ் சூடான எண்ணெயையும் அழுத்தத்தையும் தாங்கும் தரத்தில் இருக்க வேண்டும். பெட்ரோலுக்கோ தண்ணீருக்கோ உள்ள ஹோஸை வெட்டிக் கிளிப் போட்டு இறுக்குவது விபத்துக்கு வழி. எஃகுப் பின்னல் உறை போட்ட ஹோஸ் வலுவானது, ஆனால் உராயும் இடத்தில் வயரையும் அலுமினியத்தையும் அரம்போல அறுத்துவிடும். அதைத் தனிப் பிடிப்பான் போட்டு விலக்கி நிறுத்த வேண்டும்.

கூலர்: "கூலர்தான் கசிகிறது, அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடலாம்" என்ற யோசனையை ஏற்கவே கூடாது. நெரிசலில் ஊர்ந்தாலும், மேட்டில் மேல் கியரிலேயே ஏற்றினாலும் கன்வெர்ட்டருக்குள் வழுக்கல் கூடும், சூடும் கூடும். சூடேறிய திரவம் பழுப்பாகிக் கருகல் வாடை அடிக்கும், பிறகு சீல்களையும் கெடுக்கும்.

எண்ணெய் வகை: கையேடு சொல்வது பழைய டெக்ஸ்ரான் வகை. இன்று கடையில் எளிதாகக் கிடைக்கும் டெக்ஸ்ரான் 6 அதைவிட நீர்த்தது. தேய்ந்த பம்பும் இறுகிய பழைய சீலும் உள்ள வண்டியில் கசிவு கூட வாய்ப்புண்டு. பழைய வகைக்கு ஈடான பாகுநிலை கொண்ட திரவத்தைத் தேடிப் போடுவதே நல்லது.

சீல்: கன்வெர்ட்டர் சீல் போனால் திரவம் உலர்ந்த கிளட்சை நனைத்து வழுக்கவைக்கும். பம்பின் சீல் போனால் திரவம் எஞ்சினுக்குள் இறங்கும். தொட்டியில் மட்டம் குறைந்து, எஞ்சின் ஆயில் மட்டம் ஏறுகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். கூலரை மாற்றி இந்த நோயைத் தீர்க்க முடியாது.

இவை எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இரண்டு. கசிந்த திரவம் பின் டயரில் பட்டால் வளைவில் பிடிப்பு போய்விடும். சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கலாம். இரண்டிலும் பலியாவது ஓட்டுபவர் மட்டுமல்ல, பின்னால் உட்கார்ந்திருப்பவரும் அடுத்து வரும் வண்டிக்காரரும்கூட.

சோதனை இல்லை, பொறுப்பு உண்டு

பிரிட்டனில் 2018 மே 20 முதல், 40 வயதைக் கடந்த வண்டிகளுக்கு, கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் செய்யப்படாதிருந்தால், ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனை கட்டாயமில்லை. இதை எதுவும் செய்யலாம் என்ற அனுமதியாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. ஆபத்தான நிலையில் உள்ள வண்டியை ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம், உரிமத்தில் 3 தண்டப் புள்ளிகள், ஓட்டத் தடை ஆகியவை வரலாம். வண்டியின் வயது இதற்கு விலக்கு தராது.

விலக்கு உள்ள வண்டியையும் விரும்பினால் சோதனைக்குக் கொடுக்கலாம். பைக்குக்கு அதிகபட்சக் கட்டணம் 29.65 பவுண்டுதான். திரவ அமைப்பில் வேலை முடிந்ததும் இதைச் செய்துவிடுங்கள். இன்னொருவர் கண்ணும் படும், தேதியிட்ட சான்றும் கையில் இருக்கும்.

கராஜில் உங்கள் உரிமை

2015-ம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, காசு வாங்கி வேலை செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். அவர் சொன்ன சொல்லை நம்பி நீங்கள் முடிவெடுத்திருந்தால், அந்தச் சொல்லும் ஒப்பந்தத்தின் பகுதியாகிறது. அதனால் எந்த ஹோஸ், எந்தத் திரவம், எவ்வளவு கூலி என்பதை வேலைக்கு முன்பே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். நாளைக்கு வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும், தகராறு வந்தால் சாட்சியாகவும் அவை உதவும்.

வேலை சரியில்லையென்றால் முதலில் கூடுதல் காசு இல்லாமல் மறுபடி செய்துதரக் கேட்கலாம். அது முடியாவிட்டாலோ நியாயமான காலத்துக்குள் நடக்காவிட்டாலோ விலைக் குறைப்புக் கேட்கலாம். விற்ற பாகமே பழுதென்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் இந்தச் சட்டம் வியாபாரிக்கும் நுகர்வோருக்கும் இடையே மட்டுமே பொருந்தும். நண்பர் ஓய்வு நாளில் செய்துகொடுத்த வேலைக்கு இது துணை வராது.

கூலியில் தகராறு என்றால், பணம் தரும்வரை வண்டியைத் தன்னிடமே வைத்திருக்கச் சட்டம் கராஜுக்கு இடம் தருகிறது. அந்த நிலையில், ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன் என்று எழுதிக் கொடுத்துப் பணத்தைக் கட்டி வண்டியை மீட்டுக்கொண்டு, பிறகு வழக்காடலாம்.

தீர்வுக்கான படிகள்

கசிவு தெரிந்ததும் வண்டியை நிறுத்துங்கள். படம் எடுங்கள், இரண்டு எண்ணெய் மட்டங்களையும் குறித்து வையுங்கள். கராஜுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133-ஐ அழையுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பாகத்தையோ சேவையையோ கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், 1974-ம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டப் பிரிவு 75-ன் கீழ் கார்டு நிறுவனத்திடமும் ஈடு கேட்கலாம். அதற்கும் வழியில்லையென்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கைகளை வக்கீல் இல்லாமலே சிறு வழக்கு முறையில் தொடுக்கலாம். தொடுக்கும் முன் கடைசி எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அனுப்ப வேண்டும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் மாற்றங்களைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். நடுவில் மாற்றம் செய்தாலும் தெரிவித்துவிடுங்கள். கவனக்குறைவாகத் தவறான பதில் சொல்லியிருந்தால் நிறுவனம் இழப்பீட்டைக் குறைக்கலாம். வேண்டுமென்றே மறைத்திருந்தால் பாலிசியையே ரத்து செய்யலாம். நியாயமில்லாமல் மறுத்தால், அவர்களின் இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன் அமைப்பிடம் முறையிடலாம். நுகர்வோருக்கு அது இலவசம்.

வடித்தெடுத்த பழைய திரவத்தைச் சாக்கடையில் ஊற்றுவது குற்றம். மூடியுள்ள கேனில் பிடித்து, பிரேக் திரவத்தோடு கலக்காமல், உள்ளூர் கவுன்சிலின் மறுசுழற்சி மையத்தில் கொடுங்கள்.

அரை நூற்றாண்டு தாங்கிய இயந்திரத்தைக் காப்பாற்ற நினைப்பது நல்ல எண்ணம். அந்த எண்ணத்தோடு ஒரு நோட்டுப் புத்தகமும் சேரட்டும். என்ன மாற்றினோம், எப்போது, யார் செய்தது, எந்தத் திரவம் என்று எழுதி, பில்களையும் அதோடு வையுங்கள். கசிவு நிற்கும்வரை வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள். உங்கள் பின்னால் உட்காருபவரின் உயிருக்கு நீங்கள்தான் பொறுப்பு.