நூலகத்துக்கு வெப்சைட் போடப் போறீங்களா? மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைப் படிங்க

ஞாயிற்றுக்கிழமை காலை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் உங்கள் மகள் நூலகத்துக்குப் பஸ் ஏறும் முன் போனை எடுக்கிறாள். அவளுக்கு வேண்டியது இரண்டே பதில்: இன்னைக்கு லைப்ரரி திறந்திருக்குமா? தேடுற புத்தகம் அங்கே இருக்குமா? அரை நிமிஷத்தில் இதற்குப் பதில் சொல்லும் தளம்தான் நல்ல நூலகத் தளம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. இன்டர்நெட் என்ற சொல்லே இல்லாத காலத்தில் சொன்னது. இன்றைக்கும் அளவுகோல் அதுதான்.

நீங்கள் ஒரு வாசகர் வட்டத்தில் இருக்கலாம். உங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு படிப்பகம் நடத்தலாம். "நாமளே ஒரு வெப்சைட் போட்டுடலாமே" என்று பேச்சு வரும். நல்ல விஷயம்தான். ஆனால் அடிக்கடி நடப்பது என்ன தெரியுமா? கம்ப்யூட்டர் படித்த ஒரு தம்பி ஆர்வமாகச் செய்து கொடுப்பார். ஆறு மாதத்தில் வேலை கிடைத்து வெளியூர் போய்விடுவார். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. டொமைன் காலாவதியாகி, உங்கள் படிப்பகத்தின் பெயரில் யாரோ சூதாட்ட விளம்பரம் ஓட்டுவார்கள். எனவே எந்த மென்பொருள் என்று கேட்கும் முன், மூன்று வருஷம் கழித்து இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். (அரசுக் கிளை நூலகத்துக்கு என்றால் முதலில் நூலகரிடமும் மாவட்ட நூலக அலுவலரிடமும் பேசுங்கள். அவர்கள் அனுமதி இல்லாமல் நூலகத்தின் பெயரில் தளம் தொடங்க வேண்டாம்.)

இரண்டு வேலை, இரண்டு மென்பொருள்

பலரும் குழம்புவது இங்கேதான். திறந்திருக்கும் நேரம், அறிவிப்பு, நிகழ்ச்சிப் படங்கள் இதையெல்லாம் போட உதவுவது உள்ளடக்க மேலாண்மை மென்பொருள், சுருக்கமாக சி.எம்.எஸ். எந்தப் புத்தகம் இருக்கிறது, யார் எடுத்துப் போயிருக்கிறார், எப்போது திரும்பி வரும் என்பதைப் பார்த்துக்கொள்வது நூலக மேலாண்மை மென்பொருள். முதல் வகையை வைத்து இரண்டாவது வேலையைச் செய்ய முயன்றால், பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டாவது வகையில் பெயர் பெற்றது கோஹா. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற பகுதியின் நூலகத்தில் இருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்ததும், 1999-ல் புதிதாக ஒன்றை எழுத வைத்தார்கள். எழுதியதை உலகத்துக்கே திறந்து விட்டார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. இன்று இந்தியாவில் ஏராளமான கல்லூரி நூலகங்களும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் இதற்கு லினக்ஸ் சர்வர் வேண்டும், அதைக் கவனிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். ஆயிரம், இரண்டாயிரம் புத்தகம் இருக்கும் படிப்பகத்துக்கு ஆரம்பத்தில் ஒழுங்காகப் பதிந்த ஓர் எக்செல் பட்டியலே போதும் என்பது என் கருத்து. தலைப்பு, ஆசிரியர், பதிப்பு ஆண்டு, ஐ.எஸ்.பி.என். எல்லாம் தனித்தனி நெடுவரிசையில் இருந்தால், பின்னால் கோஹாவுக்கு மாற்றுவது சுலபம்.

வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல்

மூன்றுமே திறமூல மென்பொருள்கள். தரவிறக்கவும் மாற்றவும் யாரும் பணம் கேட்க மாட்டார்கள். ஆனால் டொமைன், ஹோஸ்டிங் இரண்டுக்கும் வருஷா வருஷம் கட்டணும். அந்தத் தொகையைச் சங்கத்தின் பட்ஜெட்டில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.

2003-ல் வந்த வேர்ட்பிரஸ்தான் கற்றுக்கொள்ள எளிது. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பத் தெரிந்தவர் ஒரு மணி நேரத்தில் அறிவிப்பு போடப் பழகிவிடுவார். போன் செயலியும் உண்டு. ஒரு குழப்பம்: வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஒரு நிறுவனம் நடத்தும் சேவை. டாட் ஆர்க்கில் கிடைப்பது நீங்களே எடுத்து உங்கள் சர்வரில் போட்டுக்கொள்ளும் மென்பொருள்.

ட்ரூபல் வலுவானது. பல கிளைகள், ஒவ்வொரு கிளைக்கும் ஒருவர், அவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்த்து வெளியிடுவது போன்ற ஏற்பாடுகளுக்குப் பொருத்தம். ஆனால் ஆள் இல்லாமல் அதைத் தொடவேண்டாம். 2011-ல் வந்த ட்ரூபல் 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அடுத்த பதிப்பின் கட்டமைப்பே வேறு என்பதால், பழைய தளங்களைக் கிட்டத்தட்ட புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. காசு வாங்கிக்கொண்டு செய்கிறவர்களுக்கே அது பெரிய வேலை. ஜூம்லா இரண்டுக்கும் நடுவில். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பக்கங்கள் வைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. வேர்ட்பிரஸில் அதற்குத் தனியாக ஒரு பிளகின் போடணும்.

பார்த்துக்கொள்ள ஒரே ஒருவர்தான், அவரும் தன்னார்வலர் என்றால் வேர்ட்பிரஸ் போதும். பிளகின்களை ஐந்தாறுக்குள் நிறுத்துங்கள். விலை உள்ள தீமை "கிராக்" செய்து இலவசமாகக் கொடுக்கும் தளங்கள் பக்கமே போகாதீங்க. உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

தமிழில் சோதித்துப் பாருங்கள்

டெமோவில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் தமிழில் தேடிப் பாருங்கள். "பொன்னியின் செல்வன்" என்ற பெயரில் வரும் "பொ" எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது இரண்டும் தனித்தனிக் குறியாக. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் மென்பொருள் இதைச் சரிசெய்யாவிட்டால், அலமாரியில் இருக்கும் புத்தகமே "கிடைக்கவில்லை" என்று வரும். அகர வரிசையையும் பாருங்கள். யூனிகோடு எண்படி "ன" எழுத்து "ந"-வுக்கு அடுத்து நிற்கிறது. நம் நெடுங்கணக்கில் அதற்கு இடம் மெய்யெழுத்துகளின் கடைசியில். எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் பட்டியலில் வாசகர் தடுமாறுவார். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல் கையில் இருந்தால், முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தளத்தில் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும்.

இன்னொன்று. அறிவிப்புப் பலகையைப் போட்டோ எடுத்து அப்படியே ஏற்றுவது நம் ஊர் வழக்கம். அதைக் கூகுள் சரியாகத் தேடித் தராது, பார்வைக் குறைபாடு உள்ளவரின் போனில் டாக்பேக் சரியாகப் படித்துச் சொல்லும் என்று நம்பவும் முடியாது. ஐந்து வரிதானே, டைப் அடித்துப் போடுங்கள். உறுப்பினர் பெயர், போன் நம்பர், யார் என்ன புத்தகம் எடுத்தார் என்பதை மட்டும் தளத்தில் எங்கேயும் போட வேண்டாம்.

முடிவெடுக்கும் முன் வேர்ட்பிரஸைச் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்று தேடுங்கள். எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே திறக்கும். தளத்தை யார் கையில் கொடுக்கப் போகிறீர்களோ, அவர் கையில் அதைக் கொடுத்து "நாளை விடுமுறை" என்று ஓர் அறிவிப்பு போடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காமல் அவர் போட்டுவிட்டாரா என்று பாருங்கள். பிறகு டொமைனைச் சங்கத்தின் பெயரிலேயே வாங்கி, பாஸ்வேர்டு விவரத்தையும் புதுப்பிக்க வேண்டிய தேதியையும் எழுதிக் கவரில் ஒட்டி, தலைவர், செயலாளர் இருவரிடமும் ஆளுக்கொன்று கொடுத்து வையுங்கள்.