உங்களுக்குத் தெரியுமா? குழாய் வருமுன்னே பணம் கட்டிய ஊர்!

சென்னைப் புறநகரான சிட்லபாக்கத்துக்கு வடக்கே, ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய ஆலந்தூரில், பாதாளச் சாக்கடைக்கு ஒரு குழாய்கூடப் பதிக்கும் முன்பே மக்கள் வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்வைப்புத் தொகை கட்டினார்கள்!

• 1990-களின் கடைசியில் தொடங்கிய திட்டம் அது. ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. மக்கள் தந்த முன்பணத்தோடு கடனும் மானியமும் சேர்ந்தன. சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டி நடத்தியது தனியார் நிறுவனம்.

• இனி சிட்லபாக்கம் பக்கம் வருவோம். 2021-இல் சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் உள்ளிட்ட 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. வார்டுகள் 70.

• ஆனால் கழிவுநீர் வார்டு எல்லை பார்த்து ஓடாது. சரிவு பார்த்தே ஓடும். அதனால் திட்டம் போடுபவர்கள் முதலில் பார்ப்பது தெருக்களின் மேடு பள்ளத்தை. பள்ளத்தில் சேரும் கழிவுநீரை மேலேற்ற நீரேற்று நிலையம் வேண்டும்.

• குழாயின் அளவு இன்றைய வீடுகளுக்கானதல்ல. 30 ஆண்டுக்குப் பிந்தைய மக்கள்தொகைக்கானது. வீட்டுக்கு வரும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராகும் என்பது கணக்கு.

• சிறிய குழாய் நேராகச் செல்லும் தெருவில் சுமார் 30 மீட்டருக்கு ஒரு மேன்ஹோல்.

உங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்தால், மாடி மழைநீரை அதில் விடாதீர்கள். மழைநாளில் மேன்ஹோல் பொங்க அதுவும் ஒரு காரணம்.