முதுமை என்று விட்டுவிடாதீர்கள்: தைராய்டு மிகைச்சுரப்பைக் கண்டறிதல்

எழுபது வயதைக் கடந்த ஒருவர் சில மாதங்களாக மெலிந்து வருகிறார். உணவில் விருப்பமில்லை, முன்புபோல் பேசுவதில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வீட்டார் ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடுகின்றனர். அல்லது புற்றுநோயோ என்று அஞ்சுகின்றனர். எளிய இரத்தப் பரிசோதனையால் அறியக்கூடியதும், சிகிச்சைக்குக் கட்டுப்படுவதுமான மற்றொரு காரணமும் இதற்கு இருக்கலாம். அதுவே தைராய்டு மிகைச்சுரப்பு.

இளையவர்களிடம் இந்நோய் வெளிப்படையாகத் தெரியும். மிகுந்த பசி, வியர்வை, கைநடுக்கம், படபடப்பு ஆகியவை தோன்றும். முதியவர்களிடம் இவை இல்லாமலே போகலாம். பசி கூடுவதற்கு மாறாகக் குறையலாம். எதிலும் நாட்டமின்மை மனச்சோர்வு போலத் தோன்றலாம். தொடைத் தசைகள் தளர்ந்து, நாற்காலியிலிருந்து எழுவதே கடினமாகலாம். இரத்த அழுத்தத்திற்காக உட்கொள்ளும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடக்கூடும்.

சிலருக்கு முதல் அறிகுறியே சீரற்ற இதயத்துடிப்புதான். இத்தகைய துடிப்பினால் இதயத்தினுள் இரத்தம் உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். எலும்புகளும் வலுவிழக்கும். ஆகவே நோயைக் காலத்தே அறிவது இன்றியமையாதது.

முதலில் செய்யப்படுவது டி.எஸ்.எச். பரிசோதனை. இது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. தைராய்டு மிகையாகச் சுரந்தால் பிட்யூட்டரி தன் கட்டளையைக் குறைத்துக்கொள்ளும். எனவே டி.எஸ்.எச். குறைந்தும், டி4, டி3 அளவுகள் உயர்ந்தும் காணப்படும். சிலருக்கு டி3 மட்டுமே உயரும். டி.எஸ்.எச். சற்றே குறைந்து, மற்றவை இயல்பாக இருந்தால் உடனே முடிவுக்கு வருவதில்லை. வேறு கடும் நோய்களும் ஸ்டீராய்டு மருந்துகளும் அதைக் குறைக்கக்கூடும். சில வாரங்கள் கழித்து மீண்டும் பரிசோதிப்போம்.

பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சிலவற்றைத் தெரிவியுங்கள். முடி, நகம் வளர உட்கொள்ளும் பயோட்டின் மாத்திரை சில ஆய்வு முறைகளில், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். இரத்தம் எடுப்பதற்குக் குறைந்தது 2 நாள்களுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். இதயத்துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரையிலும், சி.டி. ஸ்கேனின்போது செலுத்தப்படும் சில மருந்துகளிலும் அயோடின் மிகுதி. அவையே மிகைச்சுரப்பைத் தூண்டலாம். எனினும், இதய மருந்துகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மிகைச்சுரப்பு உறுதியானதும் அதன் காரணத்தை அறிய வேண்டும். நோயெதிர்ப்பு ஆற்றல் தைராய்டைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோயா, சுரப்பியில் தோன்றிய கட்டிகளா, அழற்சியா என்பதை எதிர்ப்பொருள் பரிசோதனையும் தைராய்டு ஸ்கேனும் தெளிவாக்கும். இவ்வேறுபாடு முக்கியமானது. அழற்சியில், முன்பே உருவான ஹார்மோன் கசிகிறதே தவிர, புதிதாக மிகையாகச் சுரப்பதில்லை. ஆகவே சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகள் அதற்குப் பயன்படா.

முதியவரின் எடையை மாதந்தோறும் குறித்து வாருங்கள். உணவு, பேச்சு, நடை ஆகியவற்றில் தெரியும் மாற்றங்களையும் எழுதி வையுங்கள். மருத்துவமனைக்கு வரும்போது அக்குறிப்புகளையும், அவர் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் உடன் கொண்டுவாருங்கள். அவர் தாமாகச் சொல்லாத பலவற்றை நாங்கள் அவற்றிலிருந்தே அறிந்துகொள்கிறோம்.